தும்பி உட்கார்ந்த இடம்

12 அக்டோபர் 1998, திங்கள்

இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கும் கேபிள் இழுத்து முடித்தாயிற்று. இனி எங்கள் ஓசூர் கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டரும் பெங்களூர் லைன் வழியாக வெளியே போகலாம். ஒவ்வொன்றுக்கும் முகவரி மாதிரி ஒரு ஐ.பி. நம்பர், அந்த நம்பருக்கு ஒரு பெயர். மற்ற கம்பெனிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சோம்பேறித்தனமாக வைத்துவிட்டுப் போவார்கள். நான் யார் உட்காருகிறார்களோ அவர் பெயர், அவர் பிரிவு, கடைசியில் கம்பெனி பெயர் என்று ஒழுங்காக வைத்திருக்கிறேன். எது கெட்டுப்போனாலும் யாரிடம் ஓட வேண்டும் என்று பெயரே சொல்லிவிடும். எங்கள் மேனேஜர் நாராயணப்பன் சார் பார்த்துவிட்டு, "நீட்டா கீதுப்பா முனிவேல்" என்றார். அவர் வாயிலிருந்து வருவதில் அதுதான் உச்சம்.

கடைசியாகப் போட்ட கம்ப்யூட்டர் தில்ஷாத் என்ற பெண்ணுக்கு. வரும் பாகங்களை அளந்து, தேறாததைத் தள்ளுகிற வேலை. பாஸ்வேர்டு எப்படி மாற்றுவது என்று சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லப் பிடிக்காது. இரண்டாம் தடவை கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர், "அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதுங்க" என்றார். முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

அவள் ஒரு சிவப்பு ரிஜெக்ட் அட்டையை எடுத்துப் பின்பக்கம் எழுதி நீட்டினாள்:

"கத்துனாலும் கேக்காது. மெதுவா பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். அந்த மீசைய கொஞ்சம் வெட்டுனா இன்னும் நல்லாப் புரியும்."

14 அக்டோபர்

மீசையெல்லாம் வெட்ட முடியாது.

19 அக்டோபர், தீபாவளி

சொந்த ஊர் நாட்றாம்பாளையம் போய் வந்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி. வழக்கமான கல்யாணக் கேள்வி. பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

23 அக்டோபர், வெள்ளி

மதிய இடைவேளையில் மட்டும் யார் வேண்டுமானாலும் இன்டர்நெட் பார்க்கலாம் என்று சார் அனுமதித்திருக்கிறார். எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார்கள். தில்ஷாத்திடமிருந்து அட்டை: "இதுல பேசலாமாமே?"

சாட் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். மெதுவாகப் பேசினால் எனக்குத் தாடை வலிக்கிறது. ஓர் அறையைக் காட்டினேன். சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று எங்கெங்கோ இருக்கிற தமிழ் ஆட்கள் அங்கே கூடுகிறார்கள். ஒரு புரோகிராம் கேள்வி போடும். முதலில் விடையைத் தட்டுகிறவருக்குப் புள்ளி. உள்ளே நுழையப் புனைபெயர் கேட்டது. கொஞ்சம்கூட யோசிக்காமல் 'தும்பி' என்று அடித்தாள்.

முதல் நாளே மூன்றாம் இடம். விரல் அப்படிப் பறக்கிறது.

6 நவம்பர், வெள்ளி

இப்போது தும்பிதான் அந்த அறையில் முதல். கப்பல்காரன் என்று ஓர் ஆள், சிங்கப்பூரில் கப்பல் ரிப்பேர் செய்கிற இடத்தில் வேலையாம், அவன்தான் எதிரி. தோற்கிறபோதெல்லாம் திட்டுகிறான்: "ஏய் தும்பி, நீ மனுஷியா மெஷினா, உன் கையில சுளுக்கு விழ." அவள் பதிலுக்கு, "உன் கப்பல்ல ஓட்டை விழ" என்கிறாள். இரண்டு பேருக்கும் இது பொழுதுபோக்கு.

பிரிண்டர் பார்க்கப் போனவன் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டியாக நிற்பது எனக்குப் பழக்கமில்லை. "அப்படி என்ன இருக்கு இதுல?" என்று கேட்டேன். எழுதினாள்:

"ஸ்கூல்ல, வீட்டுல, பஸ்ஸுல, இங்க — எல்லாரும் என்கிட்ட பேசறதுக்கு முன்னாடி மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்குவாங்க. பாவம் மூஞ்சி. அங்க மட்டும் யாருக்கும் தெரியாது. அங்க என்னைத் திட்டறாங்க."

அட்டையை வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டாள். யார் கண்ணிலும் படக்கூடாதாம்.

24 நவம்பர், செவ்வாய்

என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்.

மதியம் சிங்கப்பூரிலிருந்து கம்பெனிக்கு போன். கப்பல்காரன்தான். அந்த அறையில் இருக்கும் யாரைப் பற்றியும் ஒரு கட்டளை தட்டிக் கேட்கலாம். அவர் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறார் என்று சர்வர் சொல்லிவிடும். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ நம்பரும் ஏதோ சர்வீஸ்காரர் பெயரும் வரும். தும்பிக்கு? தில்ஷாத், இன்ஸ்பெக்‌ஷன், கம்பெனி பெயர். நான் வைத்த பெயர்! நீட்டாக! கம்பெனி நம்பரை டைரக்டரியில் பார்த்து, ஆச்சரியப்படுத்தலாம் என்று கூப்பிட்டிருக்கிறான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அறையில் அவள் பேச்சோடு சொன்ன பிறந்த நாளுக்கு வாழ்த்தாம். மாலையில் நானே அறைக்குள் போய் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எடுத்தது ஆபரேட்டர் கெம்பம்மா. அவளே வந்து கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்:

"யாரோ தில்ஷாத்து வேணும்னாங்கோ. பாவ, ஐ.எஸ்.டி. ஆச்சே, காசு ஓடுதேன்னு நானு பட்டுனு சொல்டேன். சார், அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது, என்ன சொல்லணுமோ எங்கிட்ட சொல்லுங்கோன்னு. அந்தாளு அப்பறம் சாரின்னுட்டு வெச்சுட்டான். யாக்கப்பா, நான் ஏதாச்சும் தப்பா சொல்ட்டனா?"

அவள் சொன்னது தப்பே இல்லை. அவள் யார் வந்தாலும் அதைத்தான் சொல்வாள்.

25 நவம்பர், புதன்

அறைக்குள் விஷயம் பரவிவிட்டது. கப்பல்காரன் ஒருத்தனிடம் சொல்லியிருக்கிறான், அவன் ஊருக்கே சொல்லிவிட்டான். தில்ஷாத் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் பெரிய எழுத்தில், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடம் விட்டு, மெதுவாக — தட்டுகிறார்கள்! "தும்பி... எப்படி... இருக்கிறாய்?" கேள்வி வந்தால் ஒருவரும் விடை போடவில்லை. அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். கப்பல்காரன் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அவள் எழுதினாள்: "காது கேக்காதுன்னா கண்ணும் தெரியாதா? லூசுங்க."

அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பாகங்களை அளக்கிற கேஜை எடுத்துக்கொண்டாள். அட்டையில் கீழே இன்னொரு வரி இருந்தது. "எப்படித் தெரிஞ்சுச்சு?"

சொன்னேன். நான்தான் என்று. மீசைக்குள்ளேயே சொன்னேன் போலிருக்கிறது, மறுபடி சொல்லச் சொன்னாள். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் அதை.

27 நவம்பர், வெள்ளி

அவள் அண்ணன் காஜா மொய்தீன் கம்பெனிக்கு வந்துவிட்டார். குருபரப்பள்ளியில் ரோட்டு மேல் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆம்பளை தங்கச்சி பெயரைச் சொல்லிக் கேட்டான் என்று யாரோ மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டுப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். செக்யூரிட்டி அறையில் நின்றபடியே கேட்டார்.

"தம்பி, அவனுக்கு இவ பேரு யாரு கொடுத்தா? இவ கொடுத்தாளா?"

"இல்லீங்க பாய். அவங்க யாருக்கும் பேரு சொல்லல. கம்ப்யூட்டர் பேர்லயே அவங்க பேரு இருந்துச்சு. நான் வெச்சது."

"நீ வெச்சியா?"

"ஆமாங்க. யாரு கம்ப்யூட்டர்னு தெரியறதுக்கு."

"யாருக்குத் தெரியறதுக்கு?"

மேஜை மேல் இருந்த ரிஜிஸ்டரைத் திருப்பினேன். அவரே தொடர்ந்தார்.

"எங்கிட்ட தெனம் நூறு லாரி வருது. நம்பர் வெச்சிருப்பான், ஓனர் பேரு எழுதியிருப்பான். உள்ள உக்காந்திருக்கறவன் தங்கச்சி பேர எழுதி எவனாச்சும் ரோட்டுல உடுவானா?"

ஐந்து வருஷம் படித்த படிப்பு அவர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. தங்கச்சியை வேலையை விட்டு நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். தில்ஷாத் ஓடி வந்தாள். இரண்டு பேரும் கையாலேயே சண்டை போட்டார்கள். சத்தமே இல்லாமல் அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. செக்யூரிட்டிக்காரர் பீடியை மறந்து நின்றார். கடைசியில் அண்ணன் என் பக்கம் திரும்பி, "வேலைக்கு வரட்டும். இனிமே எவனும் இவ எங்க உக்காந்திருக்கான்னு கண்டுபுடிக்கக் கூடாது. உன்னால ஆகுமா, ஆகாதா?" என்றார்.

"ஆகும்" என்றேன். எப்படி என்று தெரியாமலேயே சொன்னேன்.

30 நவம்பர், திங்கள்

எங்கள் சர்வரில் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். பிரயோஜனமில்லை. நம்பரிலிருந்து பெயரைத் திருப்பிச் சொல்கிற பட்டியல் பெங்களூர் சர்வீஸ்காரர்களிடம் இருக்கிறது. அதை மாற்ற ஃபேக்ஸ் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். "பார்க்கிறோம்" என்றார்கள். எப்போது? "பார்க்கிறோம்."

காத்திருக்க முடியாது. அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்கிற கங்கப்பன், காலேஜில் என் ரூம்மேட், அவனுக்கு மெயில் போட்டேன்.

2 டிசம்பர், புதன்

கங்கப்பன் அவனுடைய லேபில் ஒரு மெஷினில் எனக்குக் கணக்குத் திறந்து கொடுத்துவிட்டான். அதில் ஒரு புரோகிராம் ஓடவிட்டேன். வேலை எளிது. நடுவில் நிற்கும் ஆள் மாதிரி. தில்ஷாத் தட்டுவது முதலில் அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து நடு ஆள் அந்த அறைக்குள் சொல்வார். அறைக்குத் தெரிவது நடு ஆளின் முகவரி மட்டும். அந்த லேபில் எல்லா மெஷினுக்கும் காய்கறிப் பெயர். எங்களுக்குக் கிடைத்தது பூசணிக்காய்.

அவளிடம் காட்டினேன். "தும்பின்னு போனா மறுபடி பாவம் மூஞ்சி. புதுப் பேருல போறேன்" என்று எழுதினாள். பூசணிக்காய்க்குப் பொருத்தமாக 'முள்ளங்கி' என்று வைத்துக்கொண்டாள்.

முள்ளங்கி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தது. அப்புறம் வரிசையாக ஏழு கேள்வி அடித்தது. "எவன்டா இவன் முள்ளங்கி, ஏமாத்தறான், வெளிய தள்ளு" என்று அறையே கத்தியது. தில்ஷாத் சிரித்தாள். அவள் சிரிப்பு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தியிருக்க வேண்டாம்.

4 டிசம்பர், வெள்ளி

ஒரு சிக்கல். நடு ஆள் புரோகிராம் தன் வழியாகப் போகும் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. நிறுத்தச் சொல்லாவிட்டால் அப்படித்தானாம். கணக்கு என் பெயரில், பாஸ்வேர்டு என்னுடையது. மூன்று நாளில் நல்ல பெரிதாக வளர்ந்திருக்கிறது.

உலகத்திலிருந்து அவளை மறைத்துவிட்டு, நான் ஒருவன் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன பேசுகிறாள்? கப்பல்காரனிடம் பேசுகிறாளா? எனக்கென்ன? ஒரு கட்டளைதான். தட்டினேன். முதல் வரி, கப்பல்காரன்: "யாராவது தும்பியப் பாத்தீங்களா?" மூடிவிட்டேன். கோப்பை அழித்தேன். எழுதிவைக்கும் வசதியையே நிறுத்தினேன். இத்தனையும் ஒரு வரிக்கு.

ஏன் பார்த்தேன்?

7 டிசம்பர், திங்கள்

அவளிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால் எனக்கு வேலை ஓடாது.

முகம் மாறியது. எழுதிய எழுத்து அட்டையைக் கிழித்துவிடும்போல அழுத்தமாக இருந்தது. "எனக்குத் தெரியாம என் முதுகுக்குப் பின்னாடி பேசறது எல்லாருக்கும் சுலபம். நான் திரும்பிப் பாக்கற வரைக்கும் தெரியாது. நீயும் அங்கதான் நின்னியா?"

"ஒரு வரி" என்றேன்.

"எத்தனை வரின்னு நான் எப்படி நம்பறது?"

நியாயம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். அவசரப்படவில்லை. புதுப் பாஸ்வேர்டு கேட்டபோது சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. முடித்துவிட்டுத் தோளில் தட்டினாள்.

நான் நுழைய முயன்று காட்டினேன். அனுமதி இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை முயலச் சொன்னாள். அனுமதி இல்லை. இன்னொரு தடவை. அனுமதி இல்லை.

அட்டை: "இப்ப நீயும் வெளிய. நல்லா இருக்கு."

எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வேடிக்கை.

9 டிசம்பர்

மீசையை வெட்டினேன். வெயிலுக்காக. டிசம்பரில் ஓசூரில் என்ன வெயில் என்று கெம்பம்மா கேட்கிறாள்.

11 டிசம்பர், வெள்ளி

சங்கு ஊதி எல்லாரும் போனபின்னும் தில்ஷாத் எழுந்திருக்கவில்லை. என்ன என்று கேட்டேன். வாயைப் பார்த்துவிட்டு, முதல் தடவையிலேயே புரிந்துகொண்டாள். எழுதிக் காட்டினாள்.

அறையில் ஒருத்தன் தும்பியைப் பற்றிப் பேச்செடுத்து, "பாவம் அந்தப் பொண்ணு" என்றிருக்கிறான். கப்பல்காரன் பாய்ந்துவிட்டானாம். "பாவம்னு சொன்ன, அறைய விட்டே தூக்கிடுவேன். என்னைத் தெனம் தோக்கடிச்சவ அவ. நான்தான் பாவம். போன் பண்ணாம இருந்திருந்தா இன்னிக்கும் தோத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்."

முள்ளங்கி அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. 

"சொல்லிடட்டுமா?" என்று எழுதினாள்.

என்னிடம் கேட்டால்? சொல்லாதே, அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதுவும் அந்த ஆளிடம் — இதெல்லாம் நாக்கு வரை வந்தது. "உன் இஷ்டம்" என்றேன். "நீ என்ன சொன்னாலும் பூசணிக்காய்தான் தெரியும். நீ எங்க இருக்கேன்னு தெரியாது."

யோசித்தாள். "இப்ப இல்ல" என்று எழுதி, 'இப்ப' என்பதன் கீழே கோடு போட்டாள்.

22 டிசம்பர், செவ்வாய்

பெரிய மனுஷன் மாதிரி தயிர்சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் போனேன், பேசிக்கொண்டே சாப்பிடலாம் என்று. பாதி தின்றபின் அட்டை வந்தது. "நோன்பு ஆரம்பிச்சாச்சு. பரவால்ல, நீ சாப்பிடு. ஆனா வாயில சோத்த வெச்சுக்கிட்டுப் பேசாத, வார்த்தை தெரியல, பருக்கைதான் தெரியுது."

டப்பாவை மூடிவிட்டேன். மாலை வரை பசி. யாரும் என்னை நோன்பு இருக்கச் சொல்லவில்லை.

5 ஜனவரி 1999

'நாளை', 'டீ', 'அவசரம்' — மூன்றுக்கும் கையால் எப்படிச் சொல்வது என்று கற்றுக் கொடுத்தாள். நான் 'அவசரம்' என்று காட்டுவது அவர்கள் மொழியில் 'வயிற்றுப்போக்கு' மாதிரி இருக்கிறதாம். அவள் ஸ்கூல் தோழிகளிடமெல்லாம் சொல்லப் போகிறாளாம்.

13 ஜனவரி, புதன்

பெங்களூர்காரர்கள் கடைசியில் பட்டியலை மாற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து யார் கேட்டாலும் இனி கம்பெனி பெயரும் ஒரு மொட்டை நம்பரும்தான் வரும். யார், எந்த நாற்காலி என்று தெரியாது. நூறு தடவை சோதித்துப் பார்த்தேன்.

21 ஜனவரி, வியாழன்

நேற்று ரம்ஜான். இன்று அவள் ஒரு அடுக்கு நிறைய பிரியாணி கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். நாராயணப்பன் சாருக்கும் கெம்பம்மாவுக்கும் பங்கு போனபின்னும் மிஞ்சியது. "அண்ணன் கொடுத்தாரு. என் பேரு போர்டக் கழட்டுனதுக்கு" என்று எழுதியிருந்தாள்.

29 ஜனவரி, வெள்ளி

இந்த வாரம் முழுக்க கேன்டீனில் எதிரெதிரே சாப்பிட்டோம். சாப்பிட்டபின் இருக்கும் கால் மணி நேரம் அவளுக்கு அறை, எனக்கு வேலை. கேன்டீனில் அத்தனை இரைச்சலிலும் எங்களுக்குக் கத்த வேண்டியதில்லை. மற்றவர்கள்தான் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் கத்துகிறார்கள்.

12 பிப்ரவரி, வெள்ளி

காலையில் கங்கப்பனிடமிருந்து மெயில். பூசணிக்காயின் டிஸ்க் போன வாரமே போய்விட்டதாம். புதுசு வர நாளாகும், வேண்டுமானால் வேறு மெஷினில் கணக்குத் தருகிறேன், அவசரமா என்று கேட்டிருந்தான். "ஏன்டா, உன் ஆளு ஒண்ணும் சொல்லலியா?"

போன வாரமே! அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அறைக்குள் போக முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தாளா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓடினேன். வாயால் பாதி, கையால் பாதி, இரண்டும் சேர்ந்து குழம்பிவிட்டது. அவள் என்னை மூச்சு வாங்க விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

"தெரியும். திங்கக்கெழமையிலேருந்து நேராத்தான் போறேன். நம்பர் மட்டும்தான தெரியுது. தும்பின்னே போனேன். 'ஆமா, காது கேக்காது. எனக்கு முன்னாடியே தெரியும், நீங்க யாரும் சொல்ல வேணாம். கேள்வியப் போடுங்க'ன்னு சொன்னேன்."

"கப்பல்காரன்?"

"'தும்பியா?'ன்னு ரெண்டு தடவ தட்டுனான். அப்பறம் 'இவ்ளோ நாள் எங்கடி போன, உன் கையில சுளுக்கு விழ'ன்னான். ஒருத்தன் மட்டும் பெரிய எழுத்துல ஆரம்பிச்சான். மத்தவங்களே சேந்து திட்டிட்டாங்க. நேத்து முதல் இடம்."

சிரித்தாள். இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

எனக்குக் கோபமும் வந்தது, என்னென்னவோ வந்தது. "மெஷின் போனத எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அன்னிக்கே சரி பண்ணியிருப்பேன்ல?"

அட்டையை முட்டிமேல் வைத்து, எனக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு எழுதினாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். கொடுத்துவிட்டுக் கேஜைத் துடைக்க ஆரம்பித்தாள், நிமிரவே இல்லை.

"அதுக்குத்தான் சொல்லல. சொல்லியிருந்தா வாரம் பூரா கம்ப்யூட்டரத்தான் பாத்திருப்ப. கேன்டீன்ல என் எதுருல யாரு உக்காருவா?"

கங்கப்பனுக்குப் பதில் போட்டேன். அவசரமில்லை என்று.